தோல் அளக்கும் கம்ப்யூட்டரும் மூன்று எலுமிச்சம்பழமும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தோல் ஷெட்டின் முதலாளி பாய், அவருடைய கணக்குப்பிள்ளை, அளக்கும் மெஷினில் தோலை விடுகிற அக்கா, என் வீட்டுக்காரர், நான். ஒரு பூனையும் வாசல்வரை வந்தது. மருந்து நெடி பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டதால் அதைச் சேர்க்கவில்லை.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னாளில் பம்மலில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ஒருமுறை பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது ஓட்டுகிறவரே பின்பக்கம் திரும்பி, "இங்க ஒரு பொம்பள கீது. செத்துப்போன கம்ப்யூட்டர் மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சா பொகை வந்து எழுந்து உக்காருது. நானே கண்ணால பாத்தேன்" என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டு இறங்கினேன். புகை வரவில்லை. நுரைதான் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வரிசையாக உட்கார்ந்து சால்ட்ரிங், அதாவது ஈயத்தால் பற்றவைக்கிற வேலைக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரரின் கடைக்கு வந்தேன். பம்மல் மெயின் ரோட்டில் ஒரு ஷட்டர் அளவுக் கடை. ஆபீஸ்கள் கழித்துக் கட்டுகிற பழைய கம்ப்யூட்டர்களை அவர் மொத்தமாக ஏலத்தில் எடுத்து வருவார். பேசுவது, விற்பது, தூக்குவது எல்லாம் அவர். பற்றவைப்பது நான்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர்களின் போர்டில் நீல நிறத்தில் சின்னப் பீப்பாய் போல ஒரு பேட்டரி பற்றவைத்திருக்கும். கரண்ட் இல்லாதபோது நேரத்தையும், உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்ற விவரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதன் வேலை. பத்து வருஷம் போனால் அது ஒழுக ஆரம்பிக்கும். ஒழுகின இடத்தில் பச்சை பூத்து, போர்டில் ஓடுகிற செம்புக் கோடுகளை அரித்துத் தின்னும். கடைக்காரர்கள் பேச்சில் இதற்கு "பேட்டரி கக்கிடுச்சு" என்று பெயர். அவர் எடுத்து வந்ததில் பாதி கக்கினதுதான். அதனால் அந்த வேலை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பயம் மட்டும் பழகவில்லை.

என் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டைப் பூட்டினால் கேஸைப் பார்க்கத் திறப்பேன். கேஸைப் பார்த்து வந்தால் பூட்டினேனா என்று இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு அயர்ன் பாக்ஸ் ஞாபகம் வரும். வீட்டில் அயர்ன் பாக்ஸே கிடையாது, தெருமுனையில் கொடுத்துத்தான் தேய்க்கிறோம் என்று வீட்டுக்காரர் ஞாபகப்படுத்த வேண்டும். இந்தப் பயம் வேலைக்கு உதவியது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. வேலையைத் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து நாலு வாக்கில், பெருநாள் லீவு முடிந்த காலை, பாயிடமிருந்து கடைக்குப் போன் வந்தது.

"கம்ப்யூட்டர் கீபோர்டு இல்லேங்குது. கீபோர்டு எதிர்லயே இருக்கு. நான் கையில தூக்கிக் காட்டிட்டேன். அப்பவும் இல்லேங்குது."

நாங்கள் போனோம். ஷெட்டின் கடைசி அறையில் தோல் அளக்கும் மெஷின் இருந்தது. கட்டில் அகலத்துக்கு ஒரு மேஜை, அதன் நடுவே உருளை. பதனிட்டு முடித்த ஆட்டுத்தோலை ஒரு பக்கம் விரித்து விட்டால் வரிசையாக எரிகிற விளக்குகளின் அடியில் நகர்ந்து மறுபக்கம் வரும். எத்தனை விளக்கைத் தோல் மறைத்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இத்தனை சதுர அடி என்று தோலின் முதுகில் முத்திரை குத்தும். தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில்தான். முத்திரை இல்லாத தோல் என்ன விலை என்று யாருக்கும் தெரியாது.

பாய் அதுவரை பச்சைத்தோல் வாங்கி விற்கிற கமிஷன் வியாபாரத்தில் இருந்தவர். கடன் வாங்கி, சொந்தமாகப் பதனிட்டு, ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றிடம் முதல் ஆர்டர் பிடித்திருந்தார். தோல் எல்லாம் தயாராக அடுக்கியிருந்தது. அளவு மட்டும் போடவேண்டும்.

"தங்கச்சி, நாலு மணிக்கு லாரி வருது. அளவு குத்தாத தோலை அவங்க கையால தொடமாட்டாங்க. இன்னைக்கு போகலேன்னா ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்கு. நான் பழையபடி கமிஷனுக்குப் போகவேண்டியதுதான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. 

"வேற கம்ப்யூட்டர் ஒண்ணு தர்றேன் பாய்" என்றார் வீட்டுக்காரர், வியாபார வழக்கப்படி.

"தாராளமா. இந்தக் கார்டு அதுல போகுமா?"

அளக்கிற மெஷினிலிருந்து வருகிற கம்பிகள் ஒரு நீளமான கார்டில் முடிந்திருந்தன. அதைச் செருகுகிற இடம் புதுக் கம்ப்யூட்டர்களில் கிடையாது, அப்போது எங்கள் கடையில் இருந்தவற்றிலும் இல்லை. இந்த போர்டு போனால் மாற்று இல்லை.

"கையால அளக்க முடியாதா?"

கணக்குப்பிள்ளை அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அளக்கலாம் சார். கம்பி கட்டின சட்டத்தைத் தோல் மேல வச்சு ஒவ்வொரு கட்டமா எண்ணணும். எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த பெருநாள் வந்துடும்."

"பக்கத்து ஷெட்ல மெஷின் இருக்கும்ல?"

"இருக்கு. ஆர்டருக்குப் போட்டி போட்டவரே அவர்தான்."

பெட்டியைத் திறந்தோம். கீபோர்டு மாட்டுகிற மூலையைச் சுற்றிப் பாசி பிடித்த மாதிரி பச்சை. பேட்டரியின் நீலச்சட்டை உரிந்து தொங்கியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் வெளியே போனேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"ஏங்க, முடியாதுன்னு சொல்லிடலாமா?"

"சொல்லிட்டு?"

"வேற யாராவது பாக்கட்டும்."

"வேற யார்கிட்ட போனாலும் அவங்க பேட்டரி வேலைன்னு நம்மகிட்டதான் அனுப்புவாங்க. எப்பிடியும் நீதான். தண்ணி குடிச்சிட்டு வா."

பேட்டரியை வெட்டி எடுத்தேன். அடுத்து வினிகர் தொட்டுக் கழுவவேண்டும். பேட்டரி கக்கின உப்பைப் புளிப்புதான் முறிக்கும். பையில் கைவிட்டேன். வினிகர் பாட்டில் இல்லை. எங்கே வைத்தேன் என்பதும் உடனே ஞாபகம் வந்துவிட்டது. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு கையாலும் பார்ப்பதற்காக அதை அடுப்பு மேடையில் வைத்தவள், எடுக்கவில்லை. கேஸ் நன்றாக மூடியிருந்தது.

"பாய், எலுமிச்சம்பழம் மூணு கிடைக்குமா?" என்று கேட்டேன்.

 கணக்குப்பிள்ளை முகத்தில் மெதுவாக ஒரு திருப்தி பரவியது.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் பாயிடம். "ஆர்டர் வந்த அன்னிக்கே அந்த ஷெட்டுக்காரன் வந்து மெஷினைத் தடவித் தடவிப் பாத்துட்டுப் போனான். படிச்சுப் படிச்சு சொன்னேன்." நான் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். "கண்ணேறு எங்களுக்கும் உண்டும்மா. எலுமிச்சம்பழம்தான் வழக்கம் இல்ல. நீங்க உங்க வழியில செய்யுங்க, நான் என் வழியில ஓதிக்கிறேன். ரெண்டும் போய்ச் சேர்ற இடம் ஒண்ணுதானே."

"பாய், இது அது இல்ல. இது பேட்டரி உப்புக்கு."

"எதுக்கா இருந்தா என்னம்மா. நாலு மணிக்கு லாரி."

கணக்குப்பிள்ளை திரும்பி வந்தார். மூன்று பழங்களையும் குறுக்கே வெட்டி, வெட்டின முகமெல்லாம் குங்குமம் அப்பி, வெற்றிலை மேல் கற்பூரத்தோடு தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். வீட்டுக்காரர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோல் சிரித்தார்.

"சார், குங்குமம் போர்டுல பட்டா போர்டு போயிடும். வெறும் பழம் வேணும்."

"வெறும் பழமா? குங்குமம் இல்லாம அது எப்பிடிம்மா வேலை செய்யும்?"

"செய்யும் சார்."

"தெருக்கோடியில கேட்டுட்டு வந்திருக்கேன். குங்குமம் கட்டாயம்னாங்க."

பாய்தான், "அவங்க முறை வேற போல. வாங்கிட்டு வாப்பா" என்று மறுபடி அனுப்பினார். இரண்டாவது முறை வெட்டாத பழம் மூன்று வந்தது. "ஒண்ணும் ஆகலேன்னா என்னைக் கேக்கக்கூடாது" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு அவர் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சாற்றைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பச்சையின் மேல் விட்டேன். விட்ட இடம் சுர்ரென்று நுரைத்தது. தோல் விடுகிற அக்கா ஓரடி பின்னால் போனார்.

"ஐயே, பொங்குது பாரு. இம்மாத்தூண்டு இடத்துல எத்தினி கண்ணு பட்டுகீது."

"கண்ணு இல்லக்கா. பேட்டரியிலேர்ந்து வந்த உப்பு. புளிப்பு பட்டா நுரைக்கும்."

"அத்தான் நானும் சொல்றேன். கண்ணுன்னா நொரைக்கும்."

வாசலில் உதடு அசைய ஓதிக்கொண்டிருந்த பாய் நிறுத்தி, எட்டிப் பார்த்தார். "பத்து வருஷம் சும்மா கெடந்த பேட்டரி, ஆர்டர் வந்த வாரம் பாத்து ஏம்மா கக்கணும்?"

நான் அடுத்த பஞ்சுக் குச்சியைச் சாற்றில் தொட்டேன்.  பத்து நாள் லீவில் கரண்ட் இல்லாமல் கிடந்ததால் அப்போது தெரியவந்தது என்று சொல்லலாம். ஏன் அந்த வாரம் என்பதற்கு அது பதிலாகாது.

நுரை அடங்கும்வரை விட்டுத் துடைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவினேன். அதைக் காயவைக்க வேண்டும். ஷெட்டின் முற்றத்தில் ஓட்டை போட்ட பெரிய தகட்டுச் சட்டங்களில் தோலை இழுத்துக் கிளிப் போட்டு வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். அக்கா ஒரு சட்டத்தில் இடம் ஒதுக்கி, இரண்டு தோலுக்கு நடுவில் போர்டை நாலு கிளிப்பில் மாட்டிக் கொடுத்தார். ஆட்டுத்தோலோடு தோலாக அது தொங்கியது. நான் அதன் எதிரே நின்றேன்.

"இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிற? உள்ள வந்து குந்து."

"காக்கா கீக்கா வந்து கொத்திடுமோன்னு."

"காக்கா கம்ப்யூட்டர் துன்னாது. வா சொல்றேன்."

போகவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. காக்கா ஒன்று உண்மையிலேயே வந்து சட்டத்தின் மேல் உட்கார்ந்தது. அக்காவை அர்த்தத்தோடு பார்த்தேன். "அது தோலைப் பாக்க வந்துகீது" என்று சொல்லிவிட்டுக் கையை ஓங்கி விரட்டினார்.

காய்ந்த போர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மூன்று கோடுகள் அறுந்திருந்தன. மூன்றும் கீபோர்டுக்குப் போகிறவை. கீபோர்டு எதிரே இருந்தும் இல்லை என்று அது சொன்னது பொய்யில்லை, அதற்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையையும் மீட்டர் வைத்துத் தேடி, மயிரிழைக் கம்பியால் இணைத்தேன். நடுவில் கரண்ட் போய் வந்தது. இரண்டாவது கம்பி இரண்டு முறை கழன்றது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஏலத்துக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன கதை என்று காதில் விழவில்லை. பேச்சு நிற்காமல் வந்துகொண்டிருந்ததே போதுமாயிருந்தது.

புது பேட்டரியை போர்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பவும் கக்கினால்? நீளமாக ஒயர் இழுத்து, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற செல் மூன்றைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தேன். அவற்றை எதில் வைப்பது என்று தேடினபோது, கை கழுவுகிற இடத்தில் மூடிபோட்ட பிளாஸ்டிக் சோப்பு டப்பா ஒன்று இருந்தது. சோப்பை எடுத்துவிட்டு செல்களை அதில் வைத்துப் பெட்டியின் பக்கவாட்டில் கட்டினேன். ஒழுகினாலும் டப்பாவோடு போகும்.

"இது எதுக்கும்மா?" என்றார் பாய்.

"கக்கினா வெளிய கக்கட்டும்னு, பாய்."

"நல்ல ஏற்பாடு. மனுஷனுக்கும் ஒண்ணு வைக்கலாம்" என்றார்.

ஸ்விட்ச் போட்டபோது நான் திரும்பிக்கொண்டேன். "கீபோர்டு இருக்குங்குது" என்று வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் ஹார்ட் டிஸ்க் என்ன அளவு என்பது அதற்கு மறந்துபோயிருந்தது. பேட்டரி செத்தபோதே மறந்தது. டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எண்கள் இருந்தன, ஒரு இலக்கம் மட்டும் அழிந்து மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி, சீட்டை மூக்கருகே வைத்து, "எட்டு" என்றார். எட்டு போட்டோம். வரவில்லை. அப்போது மூன்றரை மணி. மூன்று போட்டோம். திரை ஒரு நொடி இருண்டு, தோல் அளக்கிற புரோகிராம் பச்சை எழுத்தில் வந்து நின்றது.

"நான் மூணுன்னுதான் சொல்ல வந்தேன்" என்றார் கணக்குப்பிள்ளை.

அளவு சரியா என்று பார்க்க அங்கே வட்டமாக வெட்டின ரெக்சின் ஒன்று இருந்தது. சரியாக ஐந்து சதுர அடி. அக்கா அதை விட்டார். ஐந்து என்று காட்டியது. பாய் நம்பவில்லை. திருப்பி விடச் சொன்னார். ஐந்து. கோணலாக விடச் சொன்னார். ஐந்து. பிறகு அக்கா யாரையும் கேட்காமல் கணக்குப்பிள்ளையின் தோளிலிருந்த துண்டை உருவி மெஷினில் விட்டார். அது மறுபக்கம் முதுகில் முத்திரையோடு வந்தது.

"சாரு துண்டு பன்னண்டரை அடி. ஆட்டுத்தோலைவிட ஒசத்திதான்" என்றார் அக்கா. அந்த மை போகாது. கணக்குப்பிள்ளை வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தத் துண்டைப் போட்டுக்கொண்டுதான் ரொம்ப நாள் வேலைக்கு வந்தார்.

லாரி நாலு மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் டீ குடித்தார், திட்டினார், மறுபடி டீ குடித்தார். அக்கா தோல் விட, கணக்குப்பிள்ளை எடுத்து அடுக்க, பாயே கட்டுக்கட்டாக லாரிவரை சுமந்தார். நீங்கள் போகலாம் என்று எங்களிடம் இரண்டு தடவை சொன்னார். நான் போகவில்லை. ஒவ்வொரு தோலும் உள்ளே போகும்போது இதுதான் கடைசி, இதோடு நின்றுவிடும் என்று தோன்றியது. மறுபக்கம் டக்கென்று முத்திரை விழும். உடனே அடுத்த தோல். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடைசிக் கட்டு ஏறி லாரி கிளம்பியபோது, எப்போது எடுத்தேனோ தெரியாமல் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு எலுமிச்சம்பழத் தோலை என் கையிலிருந்து அக்காதான் பிரித்து எடுத்தார்.

வீட்டுக்காரர் எண்ணூறு ரூபாய் சொன்னார். பாய் பேரம் பேசவில்லை. எண்ணூறை எண்ணினார். அதில் ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்துத் திரும்பத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீதியை நீட்டினார்.

"இது என்கிட்ட இருக்கட்டும்."

"ஏன் பாய், வேலையில ஏதாவது?" என்றேன். எனக்கு வேறென்ன தோன்றும்.

"வேலை தங்கம், தங்கச்சி. முழுசாக் குடுத்துட்டா நமக்குள்ள கணக்கு முடிஞ்சிரும். தோல்காரங்க நாங்க வேண்டியவங்களோட கணக்கை முடிக்கறதே இல்ல. கொஞ்சம் பாக்கி நின்னாதான் ஆள் திரும்பி வருவாங்க."

"போன் பண்ணா வரமாட்டோமா?" என்றார் வீட்டுக்காரர்.

"போன் யாரு வேணா பண்ணலாம்" என்றார் பாய்.

அந்த ஆர்டருக்குப் பிறகு அவருக்கு அடுத்த ஆர்டர் வந்தது. அவர் கமிஷன் வியாபாரத்துக்குத் திரும்பவில்லை. எங்களுக்கு வந்தது வேறு மாதிரி ஆர்டர்கள். பொழிச்சலூரிலிருந்து ஒரு அம்மா மிக்ஸியோடு வந்து, பழம் நானே கொண்டுவந்திருக்கிறேன் என்று பையைத் திறந்தார். கேளம்பாக்கத்திலிருந்து ஒருவர் ஃப்ரிட்ஜுக்கு எத்தனை பழம் ஆகும் என்று போனில் கேட்டார். வீட்டுக்காரர் கூச்சமில்லாமல், "ஃப்ரிட்ஜுக்கு நேர்ல பாத்துதான் சொல்லணும்" என்றார்.

ஒவ்வொரு வருஷமும் பெருநாள் லீவுக்கு முன்னால் நான் ஷெட்டுக்குப் போய் செல் மாற்றிவிட்டு வருவேன். அதற்கான காசைப் பாய் அன்றன்றே முழுசாகக் கொடுத்துவிடுவார். பழைய ஐம்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசமாட்டோம். ஆயுத பூஜைக்குக் கணக்குப்பிள்ளை சோப்பு டப்பாவுக்குப் பொட்டு வைக்கப் போனார். மூடியின் மேல் மட்டும் என்று சொல்லி அனுமதித்தேன். அன்றிரவு அது உள்ளே இறங்கியிருக்குமோ என்று தூங்கவில்லை. இறங்கவில்லை.

சில வருஷம் கழித்துப் பாய் புது அளவு மெஷின் வாங்கினார். பழைய கம்ப்யூட்டர், சோப்பு டப்பா கட்டியபடியே, ஆட்டோவில் எங்கள் வாசலுக்கு வந்து இறங்கியது. கூடவே கணக்குப்பிள்ளை.

"உங்களுக்கே குடுக்கச் சொன்னார். காசு வேணாமாம்."

"அந்த ஐம்பது ரூபாயைக் கழிச்சுக்கச் சொன்னாரா சார்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். கணக்கை நேர் பண்ணிடலாமான்னு. பண்ணாதேன்னுட்டார். புது மெஷின்லயும் பேட்டரி இருக்காம்."

அந்தக் கம்ப்யூட்டர் இப்போதும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஸ்விட்ச் போட்டால் கீபோர்டு இருக்கிறது என்கிறது. பாயிடமிருந்து வரவேண்டிய பாக்கி, ஐம்பது ரூபாய்.